அது வேற நாரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நான் குறையாக நினைத்ததில்லை. ராயபுரத்தில் ஐந்து பெண்கள் இருந்த வீட்டில் நாலாவதாகப் பிறந்தவள் நான். வாய் இல்லாமல் இருந்திருந்தால் என் தட்டில் மீன் துண்டு விழுந்திருக்காது. ஆனால் 1991 கடைசியில், கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள், அதே வாயால் என் மாமனாரைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை வாலாஜாபாத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுகிறேன், இனிமேல் அங்கேதான் இருப்பேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டிய கடைசித் தெருவில் இருந்தது. நானும் என் கணவரும் பெங்களூர் ரோட்டில் ஒரே கம்பெனியில் வேலை. அவர் மெஷின் ஷாப், நான் டிராயிங் செக்‌ஷனில் டிரேசர். இன்ஜினியர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய டிரேசிங் ஷீட்டை விரித்து, மையால் அப்படியே எடுப்பது என் வேலை. கோடு முடி அகலம் தவறினாலும் ஷாப்பில் பொருள் பாழாகும். என் கோடு தவறியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்.

மாமாவைப் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. நான் மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே எனக்கும் அது வந்து சேர்ந்தது. மாமா இளவட்டமாக இருந்தபோது யுத்தம். ஜப்பான்காரன் விமானம் வருகிறதா என்று பார்க்க, எங்கள் ஏரிக்கு நடுவிலிருக்கும் மேட்டில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஒரு காவல் அறை கட்டியது. கரையிலிருந்து கம்பி இழுத்து டெலிபோன் வைத்தார்கள். வானத்தைப் பார்த்துப் போனில் சொல்ல, ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அதில் ஒருவர் மாமா. ஒருநாள் காலையில் அவர் போனை எடுத்து, கிழக்கிலிருந்து நாலு நாரை வருகிறது என்றாராம். அந்தப் பக்கம் இருந்த ஆள் முதலில் சிரித்தான், பிறகு கோபப்பட்டு மேலே எழுதிப் போட்டுவிட்டான். பட்டாளத்துப் போனில் பறவைக் கணக்கு சொன்னவன் என்று மறுவாரமே மாமாவுக்கு வேலை போய்விட்டது.

மாமா சும்மா இருக்கவில்லை. நான் சொன்னது பறவையை இல்லை, அது வேற நாரை என்று ஊரெல்லாம் சொன்னார். எப்போதும் போனில் இருக்கிற ஆளுக்கு அது புரியும், அன்றைக்கு அவன் லீவு, புது ஆள் வந்துவிட்டான் என்றார். அவர் விளக்க விளக்க ஊருக்குச் சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு அது எங்கள் பக்கத்துப் பேச்சாகவே ஆகிப்போனது. பஸ் ஏன் வரவில்லை என்று கண்டக்டரைக் கேட்டு அவர் எதையாவது சொல்லிச் சமாளித்தால், அது வேற நாரையா என்பார்கள். ஷிப்டுக்கு லேட்டாக வந்தவன் சூப்பர்வைசரிடம் காரணம் சொன்னால், பின்னால் நிற்கிறவன் அது வேற நாரை என்று முணுமுணுப்பான். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் நாரை வூடு என்றுதான் காட்டுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. நான் அதைப் படப்பை சந்தையில்கூடப் பயன்படுத்தியிருக்கிறேன். அதற்குச் சொந்தக்காரர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் எனக்கு ஏனோ உறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாமா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போய் வெறும் கேனோடு வந்தார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும், தான் காலையிலிருந்து நின்ற வரிசை சர்க்கரைக்கானது, எண்ணெய்க்கு வேற வரிசை என்று கடைசியில்தான் சொன்னார்கள் என்றார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே, "அது வேற நாரையா மாமா?" என்றேன்.

என் கணவருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மாமா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். ஊர் சிரித்தபோது தாங்கிக்கொண்ட மனுஷர், தன் வீட்டில் தனக்குச் சோறு போடுகிறவள் சொன்னதைத் தாங்கவில்லை. திங்கட்கிழமை போகிறேன் என்று மகனிடம்தான் சொன்னார், என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்குப் பிறகு டீக்கடையில் பன்னும் டீயும்தான். என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் ஊரே ஐம்பது வருஷமாகச் சொல்வதை நான் ஒருத்தி சொன்னதற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கும் வீம்பு. அந்த வாரம் கம்பெனியில் மின்வெட்டினால் சனிக்கிழமையும் லீவு விட்டிருந்தார்கள். ரெண்டு நாளும் நீ அவர் கண்ணில் படாமல் இரு, சூடு ஆறட்டும் என்றார் கணவர். எங்கே போவது என்று கேட்டேன். ஏரி நிரம்பியிருக்கிறது, மேட்டுக்குப் போகலாம், நீ பார்த்ததே இல்லையே என்றார்.

வெயில் காலத்தில் அது வெறும் மேடுதான். சுற்றி முழுக்க வேலிகாத்தான் முள், மாடுகூட நுழையாது. மழை முடிந்து ஏரி நிரம்பினால்தான் அது தீவாகும், தண்ணீர் வழியாக நேரே போய் இறங்கலாம். நிஜமான தீவுக்குப் போக வசதி உள்ளவர்கள் கப்பலில் போகட்டும். எங்களுக்கு ஏரியில் மீன் பிடிக்கிறவர் இருந்தார். நாலு லாரி டியூபைச் சேர்த்துக் கட்டி மேலே மூங்கில் தட்டி போட்டிருந்தார், அதுதான் எங்கள் கப்பல். புளிசோறு, வறுத்த கருவாடு, தண்ணீர் பாட்டில், ஒரு ஜமுக்காளம். தட்டியில் உட்கார்ந்ததும் பாவாடை நனைந்தது. நான் கடற்கரைக்காரி, அலட்டிக்கொள்ளவில்லை. பாதி வழியில் என் கணவர்தான் தட்டியின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

மேட்டில் இறங்கியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன். ஏழெட்டுப் பனைமரம், ஈச்சம்புதர், தண்ணீருக்குள் கழுத்தளவு நிற்கும் கருவேல மரங்கள். அந்த மரங்கள் முழுக்கப் பறவை. வெள்ளை வெள்ளையாகக் கொக்கு, அதற்குமேல் பெரிது பெரிதாக நாரை. அவற்றின் சத்தம் மீன் மார்க்கெட் மாதிரி இருந்தது, அதனால்தானோ என்னவோ எனக்கு ஊர் நினைவு வந்தது. மீன்காரர் எங்களை இறக்கிவிட்டு, மதியம் வருகிறேன் என்று போய்விட்டார்.

தீவைச் சுற்றிவரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மணல் மூட்டை அடுக்கிய பள்ளம் ஒன்று பாதி தூர்ந்து கிடந்தது. ஓர் இரும்புக் கம்பம் சாய்ந்து நின்றது, உச்சியில் டெலிபோன் கம்பி சுற்றும் வெள்ளைப் பீங்கான் குமிழ். நடுவில் அந்தக் காவல் அறை. வட்டமான காங்கிரீட் அறை, ஆள் குனிந்து நுழையும் வாசல், சுற்றிலும் கண்மட்டத்தில் நீளமான திறப்பு, மேலே கூரையாகத் தாழ்வான தளம். சுவரில் ஊர்ப் பையன்கள் கரியால் எழுதிய பெயர்கள், இதயம், அம்பு. தரையில் பழைய சீட்டுக்கட்டு. சீட்டாட வருகிறவர்கள் உண்டு என்று கணவர் சொன்னார், அவரும் வந்திருக்கிறாராம்.

திறப்பில் முழங்கையை ஊன்றி வெளியே பார்த்தேன். கிழக்கே தண்ணீர், கரை, அதற்கப்பால் வயல், அதற்கப்பால் வானம்தான். இப்போது கம்பெனிக் கூரைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் நிற்கும் இடமெல்லாம் நாங்கள் போன அன்றைக்கு வேர்க்கடலைக் காடு. இந்த இடத்தில் மாமா நின்றிருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததும் வெள்ளிக்கிழமைத் தட்டு ஞாபகம் வந்து எரிச்சலாக இருந்தது.

சாப்பிட்டோம். கணவர் வெளியே பனை நிழலில் படுத்துவிட்டார். எனக்கு வெயில் ஆகாது, உள்ளே சிமெண்டுத் தரையில் ஜமுக்காளத்தை விரித்து மல்லாந்து படுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. கண்ணை மூடப்போனேன், மூடவில்லை.

தளத்தின் கீழ்ப்பக்கம் முழுக்கப் புகையும் வௌவால் அழுக்கும். அந்த அழுக்குக்குள் கோடு இருந்தது. மற்றவர்கள் அதைக் கறை என்று விட்டிருக்கலாம். எனக்குக் கோட்டைத் தெரியும். கறை இந்த அளவுக்கு நேராகப் போகாது, இரண்டு பக்கமும் சமமாகத் திரும்பாது. எழுந்து, புடவைத் தலைப்பை நனைத்து, எட்டித் துடைத்தேன். கறுப்புப் பெயிண்டில் ஒரு விமானம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அந்த வடிவம், பக்கத்திலேயே அதன் பக்கவாட்டுத் தோற்றம். எங்கள் செக்‌ஷனில் ஒரு பொருளை இரண்டு பக்கமாகப் போடுவதைப் போலவே. விமானத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும் என்பதால் படத்தையும் அண்ணாந்து பார்க்கும் இடத்திலேயே போட்டிருக்கிறான் வெள்ளைக்காரன். கெட்டிக்காரன்தான். உள்ளே வந்தவர்கள் எல்லாரும் இத்தனை வருஷமாகக் குனிந்து சீட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

மேலும் துடைத்தேன். மொத்தம் ஐந்து விமானம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆங்கில எழுத்து உரிந்து போயிருந்தது. ஆனால் அதற்கும் கீழே ஆணியால் கீறிய தமிழ் எழுத்து உரியவில்லை. ஒன்றின் கீழ் கொக்கு. ஒன்றின் கீழ் வக்கா. ஒன்றின் கீழ் பருந்து. ஐந்தாவதுக்குப் பறவை எதுவும் பொருந்தவில்லை போலிருக்கிறது, அகப்பை என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தும்விட்டேன். நாலாவது, மூக்கு முன்னால் நீண்டு போகும் விமானம். அதன் கீழே நாரை.

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். வாராவாரம் எங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எழுதுகிற கை அது. ரகரத்தின் காலைத் தேவையில்லாமல் கீழே இழுத்துவிடுவார், மிளகாய்க்கு மேல் வரியில் எழுதிய சீரகம் மிளகாய் மேலேயே காலை நீட்டும். நான் அதற்காகவும் கேலி செய்திருக்கிறேன். அதே நீண்ட கால், தளத்தின் சிமெண்டில்.

அவருக்கு ஆங்கிலப் பெயர் வாயில் நுழையவில்லை. தினமும் தலைக்குமேல் பறக்கிறவற்றின் பெயரை வைத்துக்கொண்டார். வழக்கமாகப் போனில் இருந்த ஆளும் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறான். இதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அது வேற நாரைதான். வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் சுட்டது.

கணவரை எழுப்பி உள்ளே இழுத்து வந்து காட்டினேன். அவர் அண்ணாந்து ஐந்தையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சின்ன வயசுல ஒருதபா சொன்னாரு. கூரைல நாரை கீதுடான்னு. நான் எங்க வூட்டுக் கூரைய பாத்துட்டு, எங்க கீதுப்பான்னு கேட்டுச் சிரிச்சேன். அப்புறம் சொல்லவேயில்ல."

உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். வாயால் போய்ச் சொன்னால் இதையும் கேலி என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். கெடுத்தது என் வாய், அதைக் கொண்டே ஒட்டப்போட முடியாது. எனக்குக் கை இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நாளைக்கும் வருவோம் என்றேன். கரை திரும்பும்போது மாமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுருட்டிய டிரேசிங் ஷீட்டோடும், வீட்டு ஸ்டூலோடும், பென்சில் டப்பாவோடும் டியூபில் ஏறினேன். ஆபீஸில் ஓரம் கிழிந்ததென்று ஒதுக்கிய ஷீட்டுகள்தான், வீட்டில் அலமாரிக்கு விரிக்க வைத்திருந்தேன். ஏரிக்கு நடுவில் ஸ்டூல் எதற்கு என்று மீன்காரர் கேட்டார். உட்காரத்தான் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

மேசை மேல் குனிந்து படம் எடுத்தே பழகியவள் நான். தளத்தில் அண்ணாந்து எடுப்பது வேறு வேலை. கணவர் இரண்டு கையாலும் ஷீட்டைத் தளத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்டூலில் நின்று கோடு எடுத்தேன். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தது. கழுத்து மரத்துப்போனது. ஒரு விமானம் முடிந்ததும் கீழே இறங்கிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வெளியே போய் நிற்பேன். நின்றபோதெல்லாம் கண்முன்னே பறவைதான். நாரை பறக்கும்போது கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு போகிறது. கொக்கு கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. ஒருதரம் பார்த்துவிட்டால் எவ்வளவு தூரத்திலிருந்தும் தப்பாது. உள்ளே போய்ப் பார்த்தால், கொக்கு என்று எழுதிய விமானத்துக்குக் கட்டை மூக்கு, நாரை என்று எழுதியதற்கு நீட்டு மூக்கு. அவருடைய கண் என் செக்‌ஷனில் பாதிப் பேருக்குக்கூடக் கிடையாது.

விமானங்களை எடுத்ததைவிட அந்த எழுத்துகளை எடுக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ரகரத்தின் நீண்ட காலைக் கொஞ்சம்கூடக் குறைக்காமல் எடுத்தேன். மதியத்துக்குள் ஐந்தும் முடிந்தன. மீதி நேரம் நாங்கள் இரண்டு பேரும் பனை நிழலில் படுத்து, போகிற வருகிற பறவைக்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம். கல்யாணமான பிறகு அவ்வளவு நிம்மதியாக ஒரு மதியம் போனது அன்றுதான். ஒரு பறவைக்கு நான் தப்பாக வக்கா என்று சொல்ல, கணவர் அது வேற என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வெயில் இறங்கும்போது வீட்டுக்கு வந்தோம். மாமா கூடத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து வேட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கண்டுகொள்ளவில்லை. தரையில் வெள்ளைப் போர்வையை விரித்து அதன்மேல் ஐந்து ஷீட்டையும் வரிசையாக வைத்தேன். வெள்ளைக்குமேல் கோடு நன்றாக எடுப்பாகத் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

மடித்த வேட்டி கையிலேயே இருக்க, மாமா திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மெல்ல உட்கார்ந்து, முதல் ஷீட்டின் மேல் விரலை வைத்தார். ஒவ்வொன்றாகப் போனார். அகப்பைக்கு வந்ததும் உதட்டோரம் லேசாக அசைந்தது. நாரையில் விரல் நின்றுவிட்டது. கணவர் வாசலுக்குப் போய்விட்டார், அவரால் நிற்க முடியவில்லை.

மாமா தலையைத் தூக்காமலே, மூன்று நாளில் முதல்முறையாக என்னிடம் பேசினார். நாரைக்கும் கொக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். சூப்பர்வைசர் கேட்பதைப் போல இருந்தது. நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும், கொக்கு மடித்துக்கொண்டு பறக்கும், இரண்டு நாளாகப் பார்த்தேன் என்றேன். தலையை ஆட்டினார். சரியாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு சின்னத் தெம்பு வந்தது. இதோ சரியாகிவிட்டது, என் கை காரியத்தைச் சாதித்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

"அம்பது வருசமா வாயால சொன்னேன்" என்றார். "காயிதத்துல பாத்தாத்தான் நம்புவியாம்மா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "ஆமா மாமா. தப்பு என்னோடதுதான். ஆனா கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். என் வேல அப்படி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை.

"என் வேலயும் அதாம்மா. கண்ணால பாத்தத்தான் சொன்னேன்."

உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்து, வெள்ளிக்கிழமை அவர் எழுந்துபோன அதே இடத்தில் வைத்தேன். சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். மாமா ஷீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டினார். பெட்டியிலிருந்து வேட்டிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சுருளை அதற்குள் வைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.